ஆடினது மட்டும்தான் நான்

நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் பனி கொட்டி ஓய்ந்த காலைகளில், எங்கள் டவுன்ஹவுஸ் வரிசையில் முதலில் ஷவலோடு வெளியே வருபவர் பக்கத்து வீட்டு அக்காதான். தன் வாசலைத் தள்ளி முடித்துவிட்டு எங்கள் வாசலிலும் பாதியைத் தள்ளி வைத்திருப்பார். நான் எட்டு மணிக்கு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து நன்றி சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டார். கார் நிற்கிற பக்கம் மட்டும்தான் தன் வேலை, நடைபாதை ஓரத்தைத் தள்ளியவர் எதிர்வீட்டுப் போலந்துக்காரர், அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்பார். நான் ரோட்டைக் கடந்து போய் மணியடித்து அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு வருவேன். அந்தத் தெருவில் பத்து வருடம் இருந்தேன். நான் சொன்ன நன்றிகளில் பாதி அக்கா அனுப்பி வைத்துச் சொன்னவை.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்துகளிலும் இதே கதைதான். அவர் கொண்டுவரும் வத்தக்குழம்புக்குத் தனி வரிசை நிற்கும். யாராவது பாராட்டினால், பொடி கரூரில் நாத்தனார் அரைத்தது, வத்தல் கவிதா கொடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "கொதிக்க வெச்சது நான்" என்று முடிப்பார். கவிதா என் மனைவி. இப்படியே சொல்லிக்கொண்டிருந்தால் அப்புறம் யாருமே பாராட்ட மாட்டார்கள் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிப் பார்த்தாள். அக்கா அதை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அதை அடக்கம் என்று சொல்லிவிட முடியாது. அடக்கமானவர்கள் மறுக்கும்போது அதில் கொஞ்சம் குழைவு இருக்கும், இன்னொரு தரம் சொல்லுங்களேன் என்பதுபோல. அக்காவின் குரலில் அது இருக்காது. படிவத்தில் காலி இடங்களை நிரப்புகிற மாதிரிச் சொல்வார். அவர் வேலையும் அப்படித்தான். ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. ஒவ்வொரு முறை மருந்து தயாராகும்போதும் கூடவே ஒரு கட்டு தாள் வரும். தூளை எடை போட்டது யார், பார்த்துச் சரிசொன்னது யார், கலக்கியது யார் என்று ஒவ்வொரு வரிக்கும் கையெழுத்து இருக்கவேண்டும். அதையெல்லாம் சரிபார்ப்பது அக்கா. செய்யாதவன் கையெழுத்துப் போட்டிருந்தால் மொத்தக் கட்டும் திரும்பிப் போகும். வேலையைப் பழகிப் பழகி ஆளே அப்படி ஆகிவிட்டார் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது பத்து வயது. ஒரு பிறந்தநாள் விழாவில் டிஜே பழைய ஐரோப்பிய நடனப் பாட்டு ஒன்றைப் போட்டார். மழை பெய்கிறது, என் ஷூ எங்கே, என் ஷூ எங்கே என்று திரும்பத் திரும்பக் கேட்கிற பாட்டு. துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த இரண்டு மூன்று பேர் உற்சாகமாக எழுந்து ஆடப்போனார்கள். வீட்டுக்கு வந்ததும் நிலா அந்தப் பாட்டை யூடியூபில் தேடியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மஞ்சள் மழைக்கோட்டும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் போட்ட நாலு பேர் குடையைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று வாய்நிறையப் பாடிக்கொண்டிருந்த மாநிறப் பெண்ணுக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் தொப்பி இருந்தும் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. பனி தள்ளும்போது அக்கா இடது தோளை ஒருமாதிரி உயர்த்துவார். அந்தத் தோள் அங்கேயும் உயர்ந்தது.

மறுநாள் தெருவே அக்கா வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை பாடிக் காட்டச் சொல்லி எல்லாரும் கேட்டார்கள். அக்கா டீக்கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"அது என் குரல் இல்லைங்க. ஆடினது மட்டும்தான் நான்."

எல்லாரும் சிரித்தார்கள். வத்தக்குழம்பு மாதிரித்தான் இதுவும் என்று நினைத்துவிட்டோம். அவர் கணவர் மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மாநில அரசில் பாலங்களைப் பரிசோதிக்கும் இன்ஜினியர், அதிகம் பேசாத கரூர்க்காரர்.

முழுக்கதையும் எனக்கு ஒரே மூச்சில் கிடைக்கவில்லை. தமிழ்ப் பள்ளி வாசலில் காரில் காத்திருந்தபோது கொஞ்சம், மளிகைக்கடை வரிசையில் கொஞ்சம் என்று வருடக்கணக்கில் சேர்ந்தது. அக்கா திண்டுக்கல்காரர். உணவுத் தொழில்நுட்பம் படிக்க பெல்ஜியம் போயிருக்கிறார். படிக்கும்போதே ஒரு ஜிம்மில் பெண்களுக்கு ஏரோபிக்ஸ் வகுப்பு எடுத்தார். அங்கே வந்த ஒரு பெண்ணின் கணவர் பாட்டுத் தயாரிப்பாளர். அப்போது ஐரோப்பாவில் யூரோடான்ஸ் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்த நேரம். வேகமான தாளம், கீபோர்டில் நாலே ஸ்வரம், உச்சத்தில் ஒரு பெண் குரல், நடுவில் ஒருவன் ஏதோ படபடவென்று பேசுவான், கூடவே பார்த்தால் சிரிப்பு வருகிற ஒரு வேஷம். அந்த மனிதர் மழைப் பாட்டைப் பதிவுசெய்து முடித்துவிட்டு, டிவிக்காக ஆடுகிற முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு மாலை வேலை என்று நினைத்துப் போனார். இரண்டரை வருடம் திரும்பி வரவில்லை.

அந்தப் பாட்டு பைத்தியம் பிடித்த மாதிரி ஓடியதாம். எங்கெங்கோ டிவி நிலையங்களில், கப்பல்களில், கால்பந்து மைதானங்களில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். ஒரு பாலைவன நாட்டில் இதே பூட்ஸோடு ஆடி, ஒரு பையன் மயங்கி விழுந்திருக்கிறான். மழைப் பாட்டு ஓய்ந்ததும் தயாரிப்பாளர் பனிப் பாட்டு போட்டார், அது பாதிதான் ஓடியது. பிறகு வெயில் பாட்டு. அதை யாரும் கேட்கவில்லை. "வானிலை அறிக்கை மாதிரி ஆயிருச்சு" என்பார் அக்கா. கடைசியில் சூப்பர்மார்க்கெட் திறப்பு விழாக்களில், காய்கறித் தட்டுகளுக்கு நடுவே ஆடினார்கள். ஒருநாள் வண்டியிலிருந்து இறங்கியபோது மழைக்கோட்டுகளை யாரோ எடுத்துவர மறந்திருந்தார்கள். அன்றைக்குக் குழு கலைந்தது.

இதையெல்லாம் சொல்லும்போது அக்கா அந்தப் பாட்டைக் கேலி செய்து நான் கேட்டதில்லை. நாங்கள்தான் சிரிப்போம். தினமும் நாலு மணிநேரம் ஒத்திகை பார்த்ததையும், குடை இன்னொருவர் கண்ணைக் குத்தாமல் சுழற்ற எத்தனை நாள் ஆனது என்பதையும் அவர் ஆபீஸ் வேலையைச் சொல்வதுபோலவே சொல்வார்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பாட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு கடையில் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட உட்கார்ந்திருக்கிறார். வரிசையில் ஒரு சிறுமி, பதினோரு வயது இருக்கும், பள்ளியில் சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறவள். கையெழுத்து வேண்டாம் என்றாளாம். பாட்டில் உச்சத்துக்குப் போகும் இடத்தில் குரல் உடையாமல் எப்படி ஏறுகிறீர்கள், எனக்கு அங்கே வரவில்லை என்று கேட்டாள். பக்கத்தில் தயாரிப்பாளர் நின்றிருந்தார். நிறையத் தண்ணீர் குடி, தினமும் ஆரஞ்சு சாப்பிடு என்று அக்கா சொன்னார். அந்தக் குழந்தை பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டு போனாள்.

"அவ எழுதிக்கிட்டா" என்றார் அக்கா.

இந்தக் குணத்தோடு பக்கத்து வீட்டில் வாழ்வது எப்போதும் சுகமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். நிலா ஹைஸ்கூல் படிக்கும்போது ஞாயிறு தமிழ்ப் பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குத் துணையாசிரியராக இருந்தாள். நாற்பது மணிநேரம் சேவை செய்தால் ஸ்கூலில் ஒரு விருது உண்டு, கல்லூரி விண்ணப்பத்தில் போட்டுக்கொள்ளலாம். தமிழ்ப் பள்ளியில் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அக்கா. நிலாவுக்கு முப்பத்தொரு மணிநேரம்தான் ஆகியிருந்தது. நடுவில் அவளுக்குக் காய்ச்சல், எங்களுக்கு ஒரு கல்யாணம் என்று வாரங்கள் போய்விட்டன. மீதி ஒன்பதை அடுத்த மாதம் செய்துவிடுவாள், இப்போது நாற்பது என்று போட்டுக்கொடுங்கள் என்று கவிதா கேட்டாள். எல்லாருமே செய்வதுதான். அக்கா முப்பத்தொன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, படிவத்தை உறையில் வைத்துக் கொடுத்தார்.

விருது கிடைக்கவில்லை. கவிதா இரண்டு மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. எனக்கும் கோபம்தான். ஒன்பது மணிநேரத்தில் உலகம் கவிழ்ந்தா போய்விடும் என்று நிலாவின் முன்னாலேயே பொருமினேன். அவள் பாலில் சீரியல் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டே, "பட் டாட், ஐ ஒன்லி டிட் தர்ட்டி ஒன்" என்றாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை என்பது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மாதம்தான் என் ஆபீஸில் ஒரு டிசைனுக்குப் பெரிய பாராட்டு வந்தது. சென்னை டீமில் இருந்த ஒரு பெண் போட்ட டிசைன், மீட்டிங்கில் எடுத்துச் சொன்னது நான். ஸ்லைடில் அவள் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டேனா, மறந்தேனா என்று இப்போதுகூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சாயங்காலம் காரை நிறுத்தும்போது அக்கா வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எப்போதும்போல் கையை உயர்த்தினார். நான் போனில் பேசுவதுபோல் பாவனை செய்து உள்ளே போய்விட்டேன். அந்தப் பெண்ணின் பெயரை நான் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

கவிதாவின் கோபத்தைத் தீர்த்தது நிலாதான். அவள் பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். ஒருநாள் மழைத் தூறலில், அக்கா அந்தப் பழைய ஆட்டத்தில் இருபது வினாடியை டிரைவ்வேயில் ஆட, நிலா போனில் எடுத்து இணையத்தில் போட்டுவிட்டாள். ஐம்பது வயது தாண்டிய இந்தியப் பெண்மணி, காஸ்ட்கோ கடையில் வாங்கின மழைக்கோட்டு, துல்லியமான கால்கள். வீடியோ எங்கெங்கோ போனது. இரண்டு வாரத்தில் ஒரு நிகழ்ச்சி அமைப்பாளர் அக்காவைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டார். தொண்ணூறுகளின் நடனக் குழுக்களை ஒரே மேடையில் ஏற்றி நியூ ஜெர்சியில் ஒரு கோடை விழா நடத்துகிறாராம். மழைக்கோட்டுக் குழுவும் வேண்டும். மற்ற மூவரில் ஒருவர் இறந்துவிட்டார், ஒருத்திக்கு விருப்பமில்லை, ஒருவர் வருகிறார். காலியான இரண்டு கோட்டுக்குள் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், நடுவில் அக்கா இருந்தால் போதும்.

பாடியவர் வந்தால் நான் வருகிறேன் என்றார் அக்கா.

அமைப்பாளருக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு, அந்த அம்மாவை யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அக்காவுக்கே தெரியாது. பதிவு நடந்த அன்று அவர் அங்கே இல்லை. மார்த்தா என்ற முதல் பெயரும், ஸ்டூடியோவுக்குக் கீழே இருந்த ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவர் என்பதும் மட்டும்தான் தெரியும். கவுன்ட்டருக்குப் பின்னால் அவர் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் தயாரிப்பாளர் மாடிக்குக் கூட்டிப்போனாராம். நாற்பது வயது தாண்டியவர், பருமன், டிவிக்கு ஆக மாட்டார் என்று முடிவுசெய்து இரண்டு மணிநேரத்தில் திரும்பவும் கடைக்கு அனுப்பிவிட்டார்.

அக்கா தேட ஆரம்பித்தார். தயாரிப்பாளர் இறந்துபோயிருந்தார். ரொட்டிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தப் பேட்டையின் தேவாலயத்துக்கு எழுதி, அங்கிருந்த பாடகர் குழுவின் பழைய உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, அவர் வழியாக இன்னொருவரைப் பிடித்தார். தினமும் ஆபீஸ் போகும் முன் ஒரு போன், ஒரு மின்னஞ்சல். நாலு மாதம் ஆனது.

வீடியோ காலுக்கு எங்கள் வீட்டு டைனிங் டேபிளில்தான் லேப்டாப்பை வைத்தோம். அக்கா வீட்டு இன்டர்நெட் அன்று தகராறு செய்தது. ஞாயிறு காலை, கவிதா இட்லித் தட்டோடு நின்றுவிட்டாள். திரையில் வெள்ளை முடியும் பெரிய கண்ணாடியுமாக ஒரு கிழவி. அக்கா வணக்கம் சொன்னதும் அவர் ஏதோ சொன்னார். குரலே இல்லை, காற்றுதான் வந்தது. தைராய்டு ஆபரேஷனில் குரல் நரம்பு போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. பாடியவரைக் கூட்டிவந்து பாடவைக்கலாம் என்றுதான் அக்கா அத்தனை நாளும் நினைத்திருந்தார்.

அவர்கள் பேசியது பெல்ஜியத்தில் பேசுகிற டச்சு மொழியில். முடிந்ததும் அக்கா எங்களுக்குச் சொன்னார். ஏதோ ரேடியோ விளம்பரத்துக்கு என்று சொல்லித்தான் மார்த்தாவைப் பாடவைத்திருக்கிறார்கள். ஒரு வருடம் கழித்து ஒரு கல்யாண விருந்தில் அந்தப் பாட்டு ஒலித்தபோது, இது நான் பாடியது என்று மார்த்தா சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. டிவியில் வேறு ஒரு பெண் பாடுவதை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"கூடப் பிறந்த தங்கச்சியே நம்பலையாம். அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்றதில்லைன்னு விட்டுட்டாங்களாம்."

அன்று மத்தியானம் அக்கா ஒரு தாளில் எழுத உட்கார்ந்தார். பாட்டின் பெயர், வருடம், பாடியவர் மார்த்தா, படத்திலும் மேடையிலும் வாயசைத்தது நான். கீழே கையெழுத்து, தேதி. அவர் ஆபீஸ் தாள் மாதிரியே இருந்தது. சாட்சியாக நானும் ஒரு கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். தாளை மடித்து உறையில் போட்டுக்கொண்டார். அது போய்ச் சேர்ந்த பிறகு மார்த்தா தங்கையிடம் அதைக் காட்டியிருக்கிறார். தங்கைக்கு எழுபத்தொன்று. வாசித்துவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாளாம். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, ஆனால் அன்று முழுக்கக் கூடவே இருந்தாள்.

அதற்கு அடுத்த காலில்தான் அக்கா விழாவைப் பற்றிச் சொன்னார். உங்கள் குரலுக்கு நான் ஆடலாமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் தன்னிடம் கேட்ட முதல் ஆள் நீதான், போய் ஆடு என்றார் மார்த்தா. பாட்டுக்கு முன் மேடையில் மார்த்தாவின் பெயரைச் சொல்லவேண்டும் என்று அக்கா கேட்டதற்கு அமைப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை. சனங்கள் சந்தோஷமாக இருக்க வருகிறார்கள், இதையெல்லாம் சொல்லிக் குழப்பாதீர்கள் என்றார். அப்படியானால் நான் வாயசைக்க மாட்டேன் என்று அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார். கால்கள் ஆடினால் போதும், வாயை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அமைப்பாளர் விட்டுவிட்டார்.

ஜூலை மாதம், ஒரு திறந்தவெளி மைதானம், மாலை நாலு மணி வெயில். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் பிள்ளைகளோடு புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான், கவிதா, அக்காவின் கணவர், நிலா நாலு பேரும் முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்றோம். நிலா போனில் மார்த்தாவைக் கூப்பிட்டு, கேமராவை மேடைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அங்கே மணி பத்து. கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தாளம் ஆரம்பித்தது. நாலு மஞ்சள் கோட்டுகள் ஓடிவந்தன. மற்ற மூவரும் கழுத்து நரம்பு புடைக்க வாயசைத்தார்கள். நடுவில் அக்கா உதடுகளைச் சேர்த்து மூடியபடி ஆடினார். ஒரு அடிகூடத் தவறவில்லை. குடை அவர் கையில் சக்கரம்போல் சுற்றியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் கணவனிடம், அந்த அம்மா ஏன் பாடவில்லை என்று கேட்டாள். வரிகள் மறந்துபோயிருக்கும், வயசாகிவிட்டதே என்றான் அவன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்காவின் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடம் வந்தபோது நிலா என் முழங்கையைத் தொட்டாள். போனைப் பார்த்தேன். மார்த்தா சாய்வை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது. என் ஷூ எங்கே, என் ஷூ எங்கே. அந்தச் சின்னத் திரையில் அவர் வாய் திறந்த இடத்தில் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது. முப்பது வருடத்துக்கு முந்தைய குரல்.

பார்க்கிங் லாட்டில் அக்கா எங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து அதன் விளிம்பில் உட்கார்ந்தார். கணவர் குனிந்து பூட்ஸை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினார். உள்ளே தண்ணீர் ஊற்றி வைத்ததுபோல் வியர்வை. நான்தான் மார்த்தாவைப் பற்றிச் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு நிலாவைப் பார்த்துக் கேட்டார்.

"சிரிச்சாங்களா, அழுதாங்களா?"

நிலா யோசித்தாள். "ரெண்டும் இல்ல, ஆன்ட்டி. ஷீ வாஸ் வொர்க்கிங்."

அக்கா தலையை ஆட்டினார். ஈரக் காலுறைகளைப் பிழிந்து, வெயில் படும்படி பம்பரின்மேல் விரித்து வைத்தார். அவை காய்கிற வரைக்கும் நாங்கள் அங்கேயே நின்றோம். யாருக்கும் அவசரம் இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு வேலை மாறி, நாங்கள் டெக்சஸில் ஆலனுக்குக் குடிபோனோம். பனி இல்லாத ஊர். அக்கா மாதம் ஒருமுறை பேசுவார். ஜனவரியில் ஒரு போனில் மார்த்தா இறந்துவிட்டதைச் சொன்னார். தங்கைதான் தகவல் எழுதியிருந்தாளாம்.

அடுத்த மே மாதம் நிலாவின் ஹைஸ்கூல் பட்டமளிப்பு விழாவுக்காக அக்காவும் கணவரும் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் தங்கினார்கள். அந்த வாரக் கடைசியில்தான் அதே அமைப்பாளர் டாலஸ் பக்கம் விழா வைத்திருந்தார், எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேர டிரைவ். அக்காவைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறார். மறுத்துவிட்டதாக அக்கா எங்களிடம் சொன்னார். கவிதாவுக்குத் தாங்கவில்லை, இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏன் என்று கேட்டாள்.

"ஒரு தடவைக்குக் கேட்டேன், ஒரு தடவை ஆடினேன். மறுபடி கேக்கணும்னா யாருகிட்ட கேக்கறது?"

அக்கா இடத்தில் டாலஸில் டான்ஸ் ஸ்டூடியோ நடத்துகிற ஒரு நாற்பது வயதுப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம், கவிதாவும் அக்காவும் கிச்சனில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்காவுக்கு ஒரு போன் வந்தது. அந்தப் பெண்தான். பழைய வீடியோவைப் பார்த்துப் பார்த்து ஆடுகிறேன், நடுவில் குடை மாறும் இடம் மட்டும் பிடிபடவில்லை, சொல்லித்தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாளாம். அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் கராஜில் காரை வெளியே எடுக்க முடியுமா, இடம் வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

எடுத்துக்கொடுத்தேன். போனைப் பெயின்ட் டப்பாமேல் சாய்த்து வைத்து, நிலாவின் குடையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி மெதுவாக ஆடிக் காட்டினார். குடை மாறும் இடத்தில் ஒரு தட்டடவும், இடது தோளை உயர்த்தி ஒரு திருப்பமும் இருந்தன. திண்டுக்கல்லில் பரதம் கற்ற கால்கள் அவை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முக்கால் மணிநேரம் ஆனது. முடித்துவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தவரிடம், ஆடவே மாட்டேன் என்றவர் ஆட்டத்தை மட்டும் இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அவர் வாயிலிருந்து 'என்னுது' என்ற வார்த்தையை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அந்த ஆட்டம் முழுக்க நான் போட்டதுங்க. ஆட்டம் என்னுது. அதைக் குடுக்க நான் யாரையும் கேக்க வேண்டியதில்லை."